பதினேழாவது அதிசயம்

"டியோ! வெளிய வாடா!"

காலை ஏழு மணி. கையில் கோகோ டீ. யோலாண்ட் ஃபிலிப் சத்தம் போட்டால் லா பிரே கிராமத்தில் கூரைமேல் உட்கார்ந்திருக்கிற பெலிக்கன்கூட எழுந்து கடலுக்குப் போய்விடும்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் கேட்டுக்கு முன்னால் அவளுடைய மேக்ஸி வேன், எஞ்சின் ஓடியபடி. உள்ளே சான் ஃபெர்னாண்டோவுக்கு வேலைக்குப் போகிற ஏழெட்டுப் பேர். நேரமாகிறது என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. யோலாண்டின் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு அந்த அளவு அறிவு உண்டு. கோப்பையோடு கேட்டுக்குப் போனேன்.

"என்ன டான்டி, காலங்காத்தால?"

"டான்டியா? இன்னொரு தடவ அத்தைன்னு கூப்பிட்டே, வாயில பல்லு இருக்காது. இந்தா, படி."

ஒரு கையில் அரசு முத்திரை போட்ட தாள். இன்னொரு கையில் வழவழவென்று ஒரு சின்னப் புத்தகம். எதை முதலில் வாங்குவது என்று தெரியாமல் தாளை வாங்கினேன்.

'சாலைக்குரிய நிலத்தில் பதினோரு அடி ஆக்கிரமித்து நிற்கும் மேற்படி வீடு, இன்று காலை பத்து மணிக்கு இயந்திரம் கொண்டு அகற்றப்படும்.'

தேதியை மறுபடி பார்த்தேன்.

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். மூணு வாரமா ரோட்டு ஆபீசுக்கு நடையா நடந்தேன். மேப்பப் பாரு, மேப்பப் பாருங்கறானுங்க. மேப்புல கோடு என் அடுப்படிக்கு நடுவுல போகுதாம். இது அவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. இப்ப இதப் படி."

புத்தகத்தை என் மூஞ்சியில் எறிந்தாள்.

'எங்கள் தீவுகள்: இருபத்தைந்து அதிசயங்கள்.' அரசு வெளியீடு. அட்டையில் செந்நிற ஐபிஸ் பறவை. விமான நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பக்கத்தைத் தேட வேண்டிய அவசியமில்லை, மடித்தே வைத்திருந்தாள்.

யோலாண்டின் வீட்டுப் படம். நாலு மரக்கால்மேல், கொஞ்சம் குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிற பச்சை வீடு. கீழே:

'17. இங்கே வீடுகள் நடக்கும்! தார் ஏரியின் ஓரத்தில் பூமிக்கடியில் தார் மெல்ல நகர்வதால் வீடுகளும் நகர்கின்றன. தார் ஏரி வழிகாட்டி டியோநரைன் சிரித்தபடி சொல்கிறார்: "யோலாண்ட் அம்மாவின் வீடு முப்பத்தொரு வருடத்தில் பதினோரு அடி நடந்து சாலைக்கே வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பஸ் ஏறிவிடும்!"'

டியோநரைன். அது நான்தான்.

பதினாலு வருடமாக ஏரியில் வழிகாட்டி வேலை. ஏரி என்றால் தண்ணீர் இல்லை, கெட்டியான தார். வருகிறவர்களை வெறுங்காலோடு அழைத்துப் போய், எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தால் செருப்பு திரும்பி வராது என்று காட்டுவேன். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து புத்தகம் எழுத ஒரு பெண் வந்தாள். ஏரியைச் சுற்றிக் காட்டியாயிற்று. அவள் இன்னும் பேனாவை மூடவில்லை. 'வேற ஏதாவது சுவாரசியமா?' என்றாள். நாலு பேர் சிரிக்க வேண்டுமே என்று அந்த பஸ் ஜோக்கை எடுத்து விட்டேன்.

"அந்த ஆபீசர் இந்தப் பொஸ்தகத்தை எங்கயோ காத்துக்கிட்டிருந்தப்ப பொரட்டியிருக்கான். 'பதினோரு அடியா, சாலைக்கா'ன்னு நேரா மேப்ப எடுத்திருக்கான். பஸ் ஏறிடுமாடா என் வீடு? ஏறிடுமா? நீயே ஏத்தி அனுப்பிட்டியே!"

"நான் வேணும்னு சொல்லல..."

"வேணும்னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். சும்மா சொன்ன பாரு, அதான் எரியுது."

திரும்பி வேனில் ஏறினாள். "இவங்கள எறக்கிவிட்டுட்டு பத்து மணிக்கு வரேன். நீ அங்க இருக்கணும். இல்ல, எந்த ஏரிக்குள்ள போய் ஒளிஞ்சாலும் இழுத்துட்டு வருவேன்."

வேன் போனது. என் கோகோ டீ ஆறிப் போயிருந்தது. எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில் அதை அப்படியே வாசலில் கொட்டினேன்.

எங்கள் ஊரில் நேராக நிற்கிற வீடே கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சமன் செய்வோம். ஹாலிஸ் வீட்டு சீமைப்பலா மரம் வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போய்விட்டது. பலா யாருக்கு என்று இன்றுவரை சண்டை. தண்ணீர்க் குழாய் முறியும், சுவர் விரியும், மழைக்காலத்தில் படுக்கையறை மூலையில் தார் கொப்பளிக்கும். இதெல்லாம் எங்களுக்கு வானிலை மாதிரி. நகரத்தில் மட்டும் வரைபடம் எழுபது வருடமாக ஒரு அங்குலம் நகராமல் மேஜை டிராயரில் படுத்திருக்கிறது.

பத்து மணி என்றால் பதினொன்றுக்கு வந்தார்கள்.

முதலில் ஒரு ஜீப். பின்னால் டிரெய்லரில் ஒரு மஞ்சள் புல்டோசர். ஜீப்பிலிருந்து வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், கக்கத்தில் குடையோடு ஒருவர் இறங்கினார். சாலைத் துறை அதிகாரி ஆல்ட்வின் லீ லம். இறங்கியதும் முதல் வேலையாகக் கைக்குட்டையால் ஷூவைத் துடைத்தார். எங்கள் ஊரில் அதைச் செய்கிறவர் வெளியூர்க்காரர்தான்.

புல்டோசரை ஓட்டி இறக்கியவன் கிசூன். மொருகா பக்கத்து ஆள், தடித்த மீசை. டிரெய்லர் திரும்பிப் போய்விட்டது.

"சார், எங்க நிறுத்தட்டும்?" என்று மேலேயிருந்து கத்தினான்.

லீ லம் சுற்றும் பார்த்தார். ஒரு பக்கம் பள்ளமும் மேடுமான சாலை. இன்னொரு பக்கம் யோலாண்டின் கேட்டை ஒட்டி, கறுப்பாக, வழவழப்பாக, தட்டையாக ஒரு இடம். யாரோ நேற்றுதான் தார் போட்டுக் கொடுத்த மாதிரி.

"அங்க. அந்த சமமான எடத்துல போடு. நல்லாத் தார் போட்டிருக்காங்க."

கிசூன் கொண்டுபோய் அங்கே நிறுத்தினான். பதினெட்டு டன். உள்ளே ஏசி ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்கவில்லை.

நான் ஓரடி முன்னால் வந்தேன்.

அந்த இடத்துக்கு ஊரில் 'வயிறு' என்று பேர். அதில் தார் போட்டவர் யாருமில்லை. அதுவே கீழேயிருந்து வந்தது. விடியற்காலையில் அதன்மேல் நடக்கலாம். வெயில் ஏறினால் சைக்கிளைக்கூட அங்கே சாய்த்து வைக்க மாட்டோம்.

"சார், அங்க..." என்று வாயைத் திறந்தேன்.

என் கால் கட்டைவிரல்மேல் ஒரு ஷூ அழுத்தமாக இறங்கியது. யோலாண்ட். எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்றே தெரியவில்லை. உதடு அசையாமல் சொன்னாள்:

"ஒரு தடவ வாயத் தொறந்து என் வீட்டக் கெடுத்த. ரெண்டாவது தடவ தொறந்தே, உன்னையும் அதுக்கடியில போட்டுருவேன்."

காலை மெல்ல இழுத்துக்கொண்டேன்.

சாலையில் ஏற்கெனவே முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் புல்டோசரைப் பார்த்தார்கள். பிறகு யோலாண்டைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் வானத்தையும் மரத்தையும் கடலையும் பார்க்க ஆரம்பித்தார்கள். லா பிரேயில் முப்பது பேர் ஒரே நேரத்தில் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மிஸ் ஃபிலிப்?" லீ லம் ஃபைலைத் திறந்தார். "வீட்டுல உள்ள சாமானெல்லாம் எடுத்தாச்சா?"

"எதுக்கு எடுக்கணும்?"

"இடிக்கப் போறோம்மா."

"இடிங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஆட்சேபண இருக்கு. நோட்டீசுக்குப் பின்பக்கம் போட்டிருக்கே, 'ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கலாம்'னு. தெரிவிக்கப் போறேன்."

"எழுத்துல குடுங்க."

"என் கண்ணாடி ஒடஞ்சு போச்சு. வாயால சொன்னா நீங்கதான் எழுதிக்கணும். அதுவும் அதுலதான் போட்டிருக்கு. கடைசி வரி."

லீ லம் தாளைத் திருப்பிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கெட்ட மனிதர் இல்லை. விதியில் இருந்தால் செய்வார், இல்லாவிட்டால் செய்ய மாட்டார். ஜீப்பின் முன்மூடிமேல் படிவத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க."

"என் ஆட்சேபணைக்கு ஆதாரம் இந்தப் பொஸ்தகம். உங்க அரசாங்கம் போட்டது. இதுலயே வீடு நடக்கும்னு போட்டிருக்கு. நடந்து வந்த வீட்ட ஆக்கிரமிப்புன்னு எப்படிச் சொல்லுவ?"

"பதினேழாம் எண். நானும் படிச்சேன். அது டூரிஸ்ட்டுக்கு எழுதினது மேடம். சுவாரசியத்துக்கு. சட்டப்படி ஆதாரம் கிடையாது."

"அப்ப மத்த இருபத்திநாலும் பொய்யா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்ப எல்லாத்தையும் எழுது. ஒண்ணுலேருந்து. மத்ததெல்லாம் நெசமா இல்லையான்னு இந்த ஊரு முன்னாடி பாத்துருவோம். இருபத்திநாலும் நெசம்னா பதினேழு மட்டும் எப்படிப் பொய்யாகும்? எழுது மிஸ்டர். வாய்மொழி ஆட்சேபண, முழுசா எழுதணும். டியோ! படிடா!"

புத்தகத்தை என் நெஞ்சில் குத்தினாள். எனக்கு இப்போது புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

"ஒண்ணு. எண்ணெய் டிரம்மிலிருந்து ஒரு இசைக் கருவியைச் செய்தவர்கள் நாங்கள். ஸ்டீல் பேன்."

"நிறுத்து!" ஹாலிஸ் கூட்டத்திலிருந்து வந்தான். எங்கள் ஊர் ஸ்டீல் பேன்களுக்குச் சுருதி சேர்க்கிறவன். கையில் எப்போதும் ரப்பர் சுற்றிய குச்சி. "செஞ்சவங்கன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டான் பாத்தியா? அத வாசிச்சதுக்கு போலீசு அடிச்சுதே, அது எங்க? எழுதிக்க சார். போலீசு அடிச்சுது."

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஆட்சேபணைல ஆட்சேபண சார். எழுதிக்க."

எழுதினார். புல்டோசரைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். பார்த்துவிட்டேன். சங்கிலிச் சக்கரத்தின் அடிப்பல் தெரியவில்லை.

"ரெண்டு. டொபேகோவில் ஆட்டுப் பந்தயம் நடக்கும். ஓட்டுகிறவர் ஆட்டின்மேல் ஏறாமல் பின்னாலேயே ஓடுவார்."

"அது பரவால்ல," என்றாள் யோலாண்ட். "ஆட்டுக்குப் பின்னாடி ஓடுறவனுக்கு அறிவிருக்கு. மேப்புக்குப் பின்னாடி ஓடுறவனுக்குத்தான் இல்ல. அதையும் எழுது."

"மேடம், மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையா? எனக்கு அடுப்படி இல்லாமப் பண்ண வந்தவன் மரியாதை கேக்கறான்! என் புருஷன் செத்தது அந்த ரூம்ல. என் பொண்ணு பொறந்தது அந்த ரூம்ல, ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு வெடிச்சுக் கெடந்துச்சு. அந்த ரோட்டச் சரி பண்ண எவனாவது மெஷின் கொண்டாந்தியா? என் வீட்ட ஒடைக்க மட்டும் மெஷின் நேரத்துக்கு வருது!"

இந்தக் குரலில் நடிப்பு இல்லை. நேரம் கடத்தத்தான் ஆரம்பித்தாள். ஆனால் முப்பத்தொரு வருடச் சூடு அதற்குள் ஏறிக்கொண்டுவிட்டது. லீ லம் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மணி பன்னிரண்டு. நிழல் எங்கள் காலுக்கடியில் சுருண்டுவிட்டது.

மூன்று, ஐபிஸ் பறவை சிவப்பானது அது தின்கிற இறால், நண்டால். நான்கு, இரவில் கரையேறி முட்டையிடும் தோல்முதுகு ஆமை. ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் குறுக்கே வந்தார். ஆமைக்கு மட்டும் பத்து நிமிடம் ஆனது. அந்த ஆமை அழுமா, கண்ணில் வருவது உப்புத் தண்ணீரா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததில் நடிப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒரு பட்டன் உண்மையாகவே அறுந்தது.

"அஞ்சு. சிப்பாரியாவில் இருக்கிற கறுப்பு மாதா சிலையை கத்தோலிக்கர்கள் ஒரு பேரிலும் இந்துக்கள் இன்னொரு பேரிலும் கும்பிடுகிறார்கள்."

"எனக்கு மொத மொட்ட அங்கதான் போட்டாங்க," என்றேன். வாய் தன்னால் சொல்லிவிட்டது.

"தெரியும்," யோலாண்ட் என் பக்கம் திரும்பினாள். "உங்கம்மாவ என் வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன். நீ மடியில மூத்திரம் போன. அந்த நன்றிக்குத்தான் என் வீட்ட பஸ்ல ஏத்தின!"

ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த எண்ணைப் படித்தேன்.

"ஆறு. உலகத்தின் மிகக் காரமான மிளகாய்களில் ஒன்று எங்கள் தீவின் தென்பகுதியில் விளைகிறது."

"தென்பகுதியா?" மேலேயிருந்து ஒரு குரல். கிசூன் புல்டோசர் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தான். "என்ன தென்பகுதி? மொருகான்னு போடலியா? எங்க ஊர் பேரே இல்லியா?"

"இல்லியே தம்பி," என்றாள் யோலாண்ட் வருத்தமாக. "தென்பகுதின்னு மட்டும்தான் போட்டிருக்கான். எறங்கி வந்து நீயே பாரு."

கிசூனுக்கு மீசை துடித்தது. குதித்து இறங்கினான். இறங்குகிறவன் வழக்கத்தைவிடக் குறைந்த உயரத்திலிருந்து குதிக்கிறோம் என்பதைக் கவனிக்கவில்லை. நேராக வந்து புத்தகத்தைப் பிடுங்கினான்.

"எங்கப்பா அந்த மொளகாயப் பறிச்சுப் பறிச்சு கை வெந்தவரு! ஊர் பேரைக்கூட போடாம... எவன் எழுதினான் இத? சார், எழுதுங்க சார். மொருகா. மொ-ரு-கா."

"கிசூன், நீ நம்ம ஆளுப்பா!" என்றார் லீ லம் பரிதாபமாக.

"வேலைக்கு உங்க ஆளு சார். மொளகாய்க்கு மொருகா."

ஏழு, எட்டு, ஒன்பது. படிவம் தீர்ந்து இரண்டாவது தாள். மணி ஒன்றை நெருங்கியது. யாரோ அதிகாரிக்கு மோபி பானம் கொடுத்தார்கள். கசப்பில் முகத்தைச் சுளித்தாலும் மரியாதைக்கு முழுவதும் குடித்தார். எனக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது. பதினாறு முடிந்தது.

"பதினேழு," என்றேன்.

அப்போது எஞ்சின் இருமியது. ஒரு முறை. இரண்டு முறை. புகைக்குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கறுப்பாக ஒரு மூச்சு விட்டு, அணைந்தது.

எல்லோரும் திரும்பினோம்.

மஞ்சள் புல்டோசர் முட்டிவரை இறங்கியிருந்தது. சங்கிலிச் சக்கரம் முழுவதும் தாருக்குள். முன் தகட்டில் பாதியைக் காணோம். கீழே அழுந்திய தார் வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் பிதுங்கி, யோலாண்டின் கேட்டுத் தூணுக்கடியில் கறுப்பு மெத்தை மாதிரி எழும்பியிருந்தது. எங்கள் கண்முன்னாலேயே தூண் க்ரீச் என்று அரை சாண் நகர்ந்தது.

லீ லம்மின் பேனா கீழே விழுந்தது.

"கிசூன்! எடு! வெளிய எடு!"

கிசூன் ஓடினான். ஒரு காலை வைத்தான். ஷூ உள்ளேயே தங்கிவிட, வெறுங்காலோடு பின்வாங்கினான். "எங்க சார் எடுக்கறது? போச்சு!"

"ஏன்யா அங்க போய் நிறுத்தின?"

"நானா?" கிசூன் இடுப்பில் கை வைத்தான். "சார், நான் கேட்டேன். 'எங்க நிறுத்தட்டும்'னு கேட்டேன். நீங்க கை காட்டினீங்க. 'நல்லாத் தார் போட்டிருக்காங்க'ன்னு சொன்னீங்க. முப்பது பேர் சாட்சி. என் வண்டி அறிக்கைல அப்படித்தான் எழுதப் போறேன். அதிகாரி காட்டின எடம்."

"எனக்கென்னய்யா தெரியும்? நான் என்ன வேணும்னா பண்ணினேன்? நல்லா கெட்டியா இருந்துச்சு! நிலம் இப்படி நகரும்னு எவன் கண்டான்?"

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டுவிட்டது.

யோலாண்ட் மெதுவாக நடந்து அவர் முன்னால் போய் நின்றாள். குனிந்து பேனாவை எடுத்தாள். அவர் கையில் வைத்தாள்.

"இப்ப சொன்னியே. அத எழுது."

"அது... மெஷின் கீழதானே எறங்கிச்சு. எறங்குறது வேற, நகர்றது வேற."

"கேட்டுத் தூணப் பாரு."

பார்த்தார்.

"எது வேற மிஸ்டர்? ஒரே தாரு. உன் வண்டிக்குக் கீழ இருந்தா நெலம் நகருது, பாவம் ஆபீசருக்குத் தெரியல. என் வீட்டுக்குக் கீழ இருந்தா நான் ஆக்கிரமிச்சவ, திருடி! இல்ல, நெலமே நகரலைன்னு எழுதிக்க. நல்லா எழுது. அப்ப பதினெட்டு டன்னு மெஷினக் கொண்டுபோய்ப் புதைச்சது நீ. உன் கவனக்கொறவு. எது வேணும்? ஒண்ண எழுது. ரெண்டும் முடியாது."

லீ லம் படிவத்தைப் பார்த்தார், புல்டோசரைப் பார்த்தார். புல்டோசர் இன்னும் ஒரு அங்குலம் இறங்கியது. அவர் எழுத ஆரம்பித்தார். எழுதியதை நான்தான் உரக்கப் படித்தேன்:

'நேரில் கண்ட ஆய்வின்படி, மேற்படி இடத்தில் நிலம் இயற்கையாகவே நகரும் தன்மை உடையது. இயந்திரம் புதைந்தது எவருடைய கவனக்குறைவாலும் அல்ல.'

"அடுத்த வரி," என்றாள் யோலாண்ட். "'அதே காரணத்தால் வீடு நகர்ந்தது அதில் குடியிருப்பவர் குற்றமல்ல. இடிக்கும் உத்தரவு நிறுத்தப்படுகிறது.' எழுது."

"மறு அளவை செய்யும் வரைக்கும்னுதான் போட முடியும். அதுக்கு மேல எனக்கு அதிகாரமில்ல."

"மறு அளவ எப்ப வருவானுங்க?"

அவர் உண்மையைச் சொன்னார். "தெரியல மேடம். ஆள் இல்ல. நாலு வருஷம், அஞ்சு வருஷம்."

"போடு."

போட்டார். கையெழுத்து. முத்திரை. அவள் தாளை வாங்கி, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கண்ணாடியைப் பார்த்த லீ லம் பேனாவை மூடிக்கொண்டார்.

"இப்ப... இந்த மெஷின வெளிய எடுக்க உங்க ஊர்ல வழி தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். மரக்கட்ட போட்டு, பலகை போட்டு, விடியக்காலம் தார் எறுகினப்புறம் இழுக்கணும். ஆனா அது நிக்கிறது ரோட்டு நெலம் மிஸ்டர். உங்க மேப்புல பாருங்க. அதுல நான் காலெடுத்து வெக்கலாமா? ஆக்கிரமிப்பாயிடாது?"

ஊர் வெடித்துச் சிரித்தது. ஹாலிஸ் பக்கத்து வேலித் தகரத்தில் குச்சியால் தாளம் போட்டான். கிசூனே சிரித்துவிட்டான், ஒற்றை ஷூவோடு. கடைசியில் பலகை கொண்டுவர நாலு பேர் போகத்தான் செய்தார்கள். ராத்திரி முழுக்க அது இறங்கிக்கொண்டே இருந்தால் கேட்டும் அதோடு போய்விடும்.

நானும் ஒரு பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தேன். எனக்கு உள்ளூர ஒரு குதூகலம்.

"ஜெயிச்சுட்டோம் டான்டி."

"யாருடா 'டோம்'?"

திரும்பினாள். சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கண் சிவந்து, காலையில் என் கேட்டுக்கு முன் நின்றதைவிட மோசமாக இருந்தது முகம்.

"எத ஜெயிச்சேன்? சுவர் விரிஞ்சப்ப சொன்னேன். கொழாய் ஒடஞ்சப்ப சொன்னேன். மூணு வாரம் கவுன்ட்டர்ல நின்னு தொண்ட கிழியச் சொன்னேன், 'ஐயா, நெலம் நகருது, நான் நகரல'ன்னு. ஒருத்தன் நம்பினானா? ஒரு மெஷின் ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிச்சு, உடனே கையெழுத்து! முப்பத்தொரு வருஷம் நான் சொன்னதுக்கு மதிப்பில்ல, ஒரு இரும்பு சொன்னதுக்கு மதிப்பு. அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஒருத்தன் குடையோட வருவான். அவனுக்கும் நான் மொதல்லேருந்து சொல்லணும். அப்ப எந்த மெஷினக் கொண்டாந்து புதைக்கிறது?"

பலகையைத் தோள் மாற்றினேன்.

"இதுல நீ வேற. நான் அழுதிருந்தா அதையும் எவகிட்டயாவது சொல்லியிருப்ப. 'இங்கே பொம்பளைங்க அழுவாங்க'ன்னு இருபத்தாறாவதா போட்டிருப்பா."

"இனிமே சொல்ல மாட்டேன் டான்டி."

"சொல்லு, சொல்லாமப் போ. என் வீட்டப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நீ வெளியில நின்னு பாத்தவன்."

படியேறினாள். சாய்ந்த படி, பழகிய கால், தடுமாறவில்லை. என் முகத்தில் அறைந்து சாத்துவதற்காகக் கதவைப் பிடித்து வேகமாகத் தள்ளினாள்.

கதவு பாதியில் நின்றது. இன்று நகர்ந்ததில் நிலைச்சட்டம் இன்னும் கோணியிருந்தது. மறுபடி தள்ளினாள். நின்றது. உள்ளேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை. நான் பலகையைக் கீழே வைத்துவிட்டு உதவப் போனேன்.

"அங்கயே நில்லு!"

நின்றேன். கதவின் பிடியை இரண்டு கையாலும் பற்றி, அதைத் தரையிலிருந்து தூக்கி, தோளால் ஒரு இடி இடித்தாள்.

மூன்றாவது முறையில் வீடே அதிரச் சாத்திக்கொண்டது.